காதண்ணன் நீக்கிய பதில்

ஸ்க்ரூட்ரைவரின் நுனியை வாஷிங் மெஷினின் முதுகில் ஊன்றி, அதன் பிடியைக் காதோரம் பொருத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார் மெக்கானிக். இனி அந்த வீட்டில் யாரும் இருமக்கூடாது. ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. டி.வி. வாயை மூடிவிட்டது. வீட்டுக்காரம்மா தன் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போலக் கதவோரம் நிற்கிறார்.

"ம்ம், சொல்லு... அப்புறம்?" என்கிறார் இவர், மெஷினிடம். அது கடகடவென்று சுற்றித் தன் குறையை எல்லாம் கொட்டுகிறது. இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறக்கிறார். "பெல்ட் தளர்ந்திருக்கும்மா. அதோட பம்புல ஹேர்பின் ஒண்ணு மாட்டிக்கிட்டுக் கிடக்கு." கீழே உள்ள சின்ன மூடியைத் திருகித் திறந்தால் ஹேர்பின் வந்து விழுகிறது. அதைத் துடைத்து அந்த அம்மாவின் கையில் கொடுக்கும்போது இவர் முகத்தில் தெரியும் பெருமை இருக்கிறதே, அதற்குத் தனியாக ஒரு மெஷின் வாங்கி வைக்கலாம்.

ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு, கொஞ்சம் கூன். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஸ்க்ரூட்ரைவர்கள். வலது கை முட்டிகளில் தகரம் கிழித்த பழைய தழும்புகள். வேலை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "கம்ப்ரஸர் ஆறு மாசம் தாங்கும்" என்று சாப்பாட்டு மேஜையில் ஆரூடம் சொல்லி, மனைவியிடம் தொடையில் கிள்ளு வாங்குவார்.

காதை அவர் பார்த்துக்கொள்கிற அக்கறையோடு கைக்குழந்தையைக்கூட யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். பஸ்ஸில் பஞ்சு. குளிக்கும்போது பஞ்சு. காற்றடித்தால் கழுத்துத் துண்டு தலைக்கு ஏறிவிடும். மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறார். "இந்த வீட்ல அவரோட காதுக்குத்தான் முதல் மரியாதை. ஆனா நான் கூப்பிட்டா மட்டும் அதுக்குக் கேக்காது" என்பது அவருடைய நெடுநாளைய புகார்.

ஊரில் அவர் வெறும் மெக்கானிக். இணையத்தில் முப்பத்தோராயிரம் பேருக்குக் காதண்ணன். ஒன்பது வருடங்களுக்கு முன்னால், கழற்றிய மிக்ஸியைத் திரும்ப மாட்டத் தெரியாமல் தவித்த நாலு பேருக்காக அவர் தொடங்கிய குழு அது. பெயர்: 'கழட்டிட்டேன், மாட்டத் தெரியல'. பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். யாராவது உடைந்த சாமானின் படத்தைப் போட்டுப் புலம்பினால் போதும், இவருடைய முதல் வரி தயாராக இருக்கும்: "சத்தத்தைப் போடுங்க." படமெல்லாம் அவருக்கு வேண்டாம். சத்தத்தைப் பதிவு செய்து போட வேண்டும். அதுதான் குழுவின் எழுதப்படாத சட்டம். அவர் பஸ்ஸில் போகும்போது ஒரு காதில் பஞ்சும் மறு காதில் ஊரார் மெஷின்களின் முனகலுமாகப் போவார்.

போன வருடம்வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் குழுவுக்குள் ஒரு புதுவிதமான பதில் வரத் தொடங்கியது. அழகான தமிழ். தலைப்பு, உள்தலைப்பு, எண் போட்ட குறிப்புகள், கடைசியில் "உங்கள் முயற்சி வெற்றி பெற வாழ்த்துகள்". எழுதியது ஏஐ, கொண்டுவந்து ஒட்டியது யாரோ ஓர் உறுப்பினர். திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியாதவர்கள் எல்லாம் ஒரே நாளில் நிபுணர்கள் ஆனார்கள். லைக் குவிந்தது.

அவர் முதலில் கண்டுகொள்ளவில்லை. பேக்கரிக்காரர் விஷயத்தில்தான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேக்கரிக்காரர் குழுவின் பழைய ஆள். தன் கடையின் மைக்ரோவேவ் அடுப்பு சூடாகவில்லை என்று கேட்டிருந்தார். யாரோ ஒட்டிய பதிலில், பிளக்கைப் பிடுங்கிவிட்டால் உள்ளே எதையும் தைரியமாகத் தொடலாம் என்று இருந்தது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்த அடுப்பின் கெப்பாசிட்டர் கரண்டை உள்ளே அடக்கி வைத்துக்கொண்டிருக்கும் என்பது கை வைத்தவர்களுக்குத் தெரியும். அதை நம்பிக் கை வைத்த பேக்கரிக்காரரை ஷாக் ஸ்டூலிலிருந்து தூக்கி எறிந்துவிட்டது. இரண்டு விரல் வெந்துபோனது. உயிர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம்.

அதற்குப் பிறகு காதண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். ஏஐ எழுதியது எதுவும் குழுவில் இருக்கக்கூடாது. கண்டால் நீக்கம், போட்டவரும் நீக்கம். விதியை எழுதி, மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு என்று அறிவித்தார். குழுவை நடத்த அவருக்குத் துணையாக இருப்பவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவரும் "அடிச்சுத் தூக்குங்கண்ணே" என்று தோளில் தட்டினார். ஓட்டெடுப்புக்குத்தான் நாள் குறித்தார்களே தவிர, தண்டனை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

எது ஏஐ, எது ஆள் என்று எப்படித் தெரியும்? அவரிடம் கேட்டால் சிரிப்பார். "கை வெச்சு வேலை செஞ்சவன் எழுத்துல ஒரு ஸ்க்ரூவாவது கீழ விழும். தேடியிருப்பான். திட்டியிருப்பான். முட்டியில தோல் உரிஞ்சிருக்கும். இதுல எதுவுமே இல்லாம எழுதினா அது ஏஐ." கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, பன்னிரண்டு பேரைப் பிடித்தார். பன்னிரண்டும் சரி. பதின்மூன்றாவதுதான் பேஸ்மென்ட்.

'பேஸ்மென்ட்' என்ற பெயரில் எழுதிய அந்த உறுப்பினரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஏதோ ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் சலவை மெஷின்களைக் கவனித்துக்கொள்வதாக ஒருமுறை எழுதியதோடு சரி. பதில் அரிதாகத்தான் வரும். வந்தால் பிழையில்லாத பளபளப்பான தமிழில் வரும். காதண்ணனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள், குழந்தைகள் காப்பகம் நடத்தும் அம்மா ஒருவர், தன் மெஷின் துணியைப் பிழியும்போது எகிறிக் குதிக்கிறது என்று சத்தத்தைப் பதிவு செய்து போட்டார். காதண்ணன் இரண்டு தடவை கேட்டார். "பேரிங். சந்தேகமே வேண்டாம்" என்று எழுதினார். இருபது பேர் அதற்குக் கீழே தலையாட்டினார்கள். அப்போது பேஸ்மென்ட் எழுதியது: "பேரிங்காக இருக்காது என்று நினைக்கிறேன். மெஷினை அணைத்துவிட்டு டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மறு உள்ளங்கையை முன்விளிம்பில் வையுங்கள். பேரிங் என்றால் சுற்று முழுவதும் சீரான நடுக்கம் இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு தட்டு மட்டும் வந்தால், டிரம்முக்குப் பின்னால் அதைத் தாங்கும் மூன்று கைகளில் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது."

காதண்ணன் அந்தப் பதிலை மூன்று முறை படித்தார். பிறகு பேஸ்மென்ட் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார். நாற்பத்தோரு பதில்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது. நாற்பத்தொன்றில் ஒன்றில்கூடச் சத்தம் என்ற சொல்லே இல்லை. உறுமல் இல்லை, கிறீச் இல்லை, கடகட இல்லை.

"பார்த்தியா? ஒரு மெக்கானிக் சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம இருப்பானா? வாயில பிளாஸ்திரி போட்டாலும் இருக்கமாட்டான். இது ஆளே இல்ல" என்று லிஃப்ட்காரரிடம் போனில் குதூகலித்தார். பதிலை நீக்கினார். பேஸ்மென்ட்டையும் நீக்கினார். இவ்வளவு நுட்பமாக யாரும் துப்பறிந்திருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அன்றைக்குச் சாயங்காலம் மனைவிக்குத் தானே காபி போட்டுக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாள் கழித்து, அதாவது ஓட்டெடுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, காப்பக அம்மா ஒரு படம் போட்டார். கழற்றிய டிரம். அதன் பின்னால் நட்சத்திரம் போல மூன்று கைகள். அவற்றில் ஒன்று முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "பேரிங் வர்றதுக்காக ஒன்பது நாள் காத்திருந்தோம். பதினாலு குழந்தைங்களோட படுக்கைத் துணியைக் கையால துவைச்சோம். இன்னைக்குப் பிரிச்சுப் பார்த்தா பேரிங் புதுசு மாதிரி இருக்கு. நீங்க நீக்கின அந்தப் பதிலை நான் முன்னாடியே படிச்சுட்டேன். அதுல சொன்னது அப்படியே சரி. அவங்களை ஏன் நீக்கினீங்க?"

காதண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பழைய பதிவை எடுத்து மறுபடி கேட்டார். போனின் மைக் அந்தத் தடித்த தட்டை விழுங்கிவிட்டு, மேலோட்டமான உறுமலை மட்டும் பிடித்து வைத்திருந்தது. அவர் காது பொய் சொல்லவில்லை. அதற்குப் பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழுசாகத் தீர்ப்பு எழுதியதுதான் அவர் செய்த தப்பு.

சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் சொன்னார். கேட்டுக்கொண்டே அவர் துணி மடித்தார். கடைசியில், "நான் ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி போடறேன். நரம்பைக் கண்ணால தேடறதில்ல, விரலால தேடறேன். என்னையும் டெலீட் பண்ணிடுவீங்களா?" என்றார். இவர், மடித்த துண்டை வாங்கி அலமாரியில் தப்பான தட்டில் வைத்தார்.

பேஸ்மென்ட்டுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்த பிறகு மிஞ்சியது இவ்வளவுதான்: "நான் செஞ்சது தப்பு. உங்களை ஏஐன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நீங்க ஏன் சத்தத்தைப் பத்தி எழுதறதே இல்ல?"

ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் வந்தது. இந்த முறை பளபளப்பு இல்லை. துண்டு துண்டாக இருந்தது.

"நான் ஹோட்டல் சலவையில் வேலை செய்யும் பொண்ணு. எனக்குக் காது கேக்காது. பிறந்ததில் இருந்து. என் பேச்சு கை. தமிழ் எழுத்து எனக்கு ரெண்டாவது பாஷை. முன்னாடி வேற குழுவில் நானே எழுதினேன். சிரிச்சாங்க. மெஷின் பத்தி யாரும் கேக்கல, என் எழுத்து பத்தி சிரிப்பு மட்டும். அதனால நான் எழுதறேன், ஏஐ சரி பண்ணும். மெஷினில் வெச்ச கை என்னோடது. எழுத்து மட்டும் ஏஐ. நீங்க என்னை ஆள் இல்லைன்னு சொன்னீங்க. ரெண்டு நாள் அழுதேன் அண்ணா."

பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் படித்தார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. காதில் இருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவமானத்தைவிட அவருக்கு வலித்தது வேறொன்று. அந்தப் பெண் இவருடைய குழுவை நம்பி, ஒன்றல்ல, நாற்பத்தோரு தடவை வந்திருக்கிறாள்.

லிஃப்ட்காரர் மசியவில்லை. அவருடைய பட்டறைக்குப் போய்ப் பேசியபோது, கம்பி வடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"அண்ணே, ஒருத்தருக்காகக் கதவைத் திறந்தா ஊரே உள்ள வரும். பேக்கரிக்காரர் விரலை மறந்துட்டீங்களா?"

"மறக்கலப்பா. அதனாலதான் வந்திருக்கேன். ஏஐயை வெளிய நிறுத்தறேன்னு கிளம்பி, காப்பகத்து மெஷினை ஒழுங்காச் சொன்ன ஒரே ஆளை வெளிய நிறுத்திட்டேன். இந்த விதி அப்படியே பாஸானா அந்தப் பொண்ணு திரும்பவே முடியாது."

"சரி, வேணாம்னா என்ன பண்றது? எல்லாத்தையும் விட்டுடலாமா?"

"விட வேணாம். யார் எழுதினான்னு மட்டும் பார்த்தோம்ல, யார் கை வெச்சான்னும் கேப்போம். மருந்து பாட்டில்ல லேபிள் ஒட்டறாங்களே, அந்த மாதிரி."

"பொய் லேபிள் ஒட்டுவான்."

"ஒட்டுவான். மாட்டிக்குவான். இப்பவும் நாம எல்லாரையும் பிடிக்கறதா நினைச்சுக்கறோம், அவ்வளவுதான். நான் பிடிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தியே."

லிஃப்ட்காரர் கிரீஸ் கையோடு மூக்கைச் சொறிந்துகொண்டார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "எழுதிப் போடுங்க, பார்ப்போம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம்.

சனிக்கிழமை காலையில் காதண்ணன் குழுவில் போட்ட பதிவு, நடந்ததை மறைக்காமல் சொன்னது. தான் பெருமைப்பட்டுக்கொண்டதையும் எழுதினார், காபி போட்டதை மட்டும் விட்டுவிட்டார். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டு, அவளுடைய வாக்கியத்தையும் போட்டார். கீழே புது விதி. ஒவ்வொரு பதிலின் தலையிலும் லேபிள் இருக்க வேண்டும். தானே செய்து பார்த்திருந்தால் 'கை'. அடுத்தவர் சொல்லிக் கேட்டிருந்தால் 'காது'. ஏஐ சொன்னதை ஒட்டினால் 'ஏஐ'. ஆனால் ஷாக் அடிக்கக்கூடிய வேலைகளில் அதற்கு இடமே கிடையாது. செய்தது தானும் எழுத்தைத் திருத்தியது ஏஐயுமாக இருந்தால், அவள் சொன்னதே லேபிள்: 'கை என்னோடது, எழுத்து மட்டும் ஏஐ.' லேபிளை மறைத்தால் நீக்கம். கடைசி விதி ஒன்று, அது தனக்கே தான் போட்டுக்கொண்ட கடிவாளம்: யாரை நீக்குவதற்கு முன்னாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குழு இரண்டுபட்டது. சிலர் சீறினார்கள். இத்தனை வருடமாக இருந்தவர்களில் சிலர் "இனிமே இதுவும் குப்பைதான்" என்று கிளம்பியே போனார்கள். அது அவருக்கு வருத்தம்தான். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் பேக்கரிக்காரர் வந்தார். கட்டுப் போட்ட விரல்களோடு தட்டியதால் எழுத்துகள் அங்கங்கே இடறின. "வெந்தது என் விரல். அதனால சொல்றேன். எனக்கு வந்த பதில் மேல 'ஏஐ'ன்னு ஒரு லேபிள் இருந்திருந்தா நான் கை வெச்சிருக்கவே மாட்டேன். எனக்கு லேபிள் போதும்."

அதற்குப் பிறகு தராசு சாய்ந்தது. பழைய விதிக்கு நாலாயிரத்துச் சொச்சம், புதியதற்கு ஆறாயிரத்துச் சொச்சம். லிஃப்ட்காரர் எந்த விதிக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் முடிவு வந்த ஐந்தாவது நிமிடத்தில் பேஸ்மென்ட்டைத் திரும்பச் சேர்த்தது அவர்தான். பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது.

சேர்த்தும் அவள் எழுதவில்லை. இரண்டு நாள் காதண்ணன் வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு வீட்டில் மெஷின் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அது நடந்ததே இல்லை. புதன்கிழமை செய்தி வந்தது. "ஏழாம் நம்பர் மெஷின் குதிக்குது. நானும் கண்டுபிடிக்கல. நேரம் இருந்தா வாங்க அண்ணா." கீழே ஹோட்டலின் விலாசம். அவர் இருக்கும் தெருவிலிருந்து ஆறே நிறுத்தம்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் போனார். ஹோட்டலின் பின்வாசல், ஈரமான படிக்கட்டு, கீழே சோப்பு வாசனையும் நீராவியும். கதவைத் தள்ளியதும் பதினொரு மெஷின்களின் இரைச்சல் ஒன்றாக முகத்தில் அறைந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் பெண் ஒருத்தி, முழங்கைவரை சுருட்டிய சட்டையோடு, இரைச்சலே இல்லாத இடத்தில் நிற்பவள் போல நிம்மதியாக நின்றுகொண்டிருந்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவர் கைகளைப் பிரித்து இறக்கிவிட்டாள். பிறகு ஏழாம் நம்பரைக் காட்டினாள்.

பழக்கம் விடுமா? ஸ்க்ரூட்ரைவரை எடுத்து ஊன்றிக் காதோரம் வைத்தார். பதினொரு மெஷினும் சேர்ந்து ஒரே நேரத்தில் அவர் தலைக்குள் கத்தின. இடம் மாற்றி வைத்தார். அதே கூச்சல். அவர் விழிப்பதைப் பார்த்து அந்தப் பெண் தோள் குலுங்கச் சிரித்தாள். ஸ்க்ரூட்ரைவரை அவர் கையிலிருந்து வாங்கி அவர் சட்டைப்பையிலேயே செருகினாள். அவருடைய வலது கையைப் பிடித்து மெஷினின் விளிம்பில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து, தெரிகிறதா என்று புருவத்தால் கேட்டாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். எல்லாம் ஒரே நடுக்கமாகத்தான் இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. காத்திருந்தாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடினார். பிறகு, சும்மா தொங்கிக்கொண்டிருந்த இடது கையைத் தூக்கி, தன் காதைப் பொத்திக்கொண்டார்.